ஜான் ஆடம்ஸ் தோற்றுப்போன அதிபரா?

வாஷிங்டனுக்கும் ஜெஃபர்சனுக்கும் நடுவில் நான்கே வருடம் அமெரிக்காவை ஆண்ட ஜான் ஆடம்ஸ் எப்படிப்பட்டவர், அவருடைய ஆட்சி தோல்விதானா, இரண்டாவது முறை ஏன் ஜெயிக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். தேர்தலில் தோற்றார், ஆட்சியில் தோற்கவில்லை. பிரான்சுடன் முழுப் போருக்குப் போயிருந்தால் அவருடைய கட்சி அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியிருக்கும். அவர் போகவில்லை, பதவி போயிற்று. ஆனால் அதே மனிதர்தான், அரசை விமர்சித்து எழுதியவர்களைச் சிறைக்கு அனுப்பிய சட்டத்திலும் கையெழுத்திட்டார். இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் ஆடம்ஸ் புரியமாட்டார்.

மாசசூசெட்ஸில் பிரெயின்ட்ரீ என்ற ஊரில் 1735 அக்டோபரில் பிறந்தவர். அவர் பிறந்த பகுதிக்கு இப்போது குவின்சி என்று பெயர். அப்பா விவசாயி, குளிர்காலத்தில் செருப்புத் தைத்தார், தேவாலயத்தில் டீக்கனாகவும் இருந்தார். வாஷிங்டன், ஜெஃபர்சன், மேடிசன் மூவரும் வர்ஜீனியாவின் பெரிய பண்ணைக்காரர்கள், அடிமைகளை வைத்திருந்தவர்கள். ஆடம்ஸ் வாழ்நாள் முழுவதும் ஓர் அடிமையைக்கூட வாங்கியதில்லை. இது பின்னால் தேர்தல் கணக்கில் வரும், அதனால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஹார்வர்டில் 1755இல் படிப்பை முடித்தார், கொஞ்ச காலம் வூஸ்டர் ஊரில் பள்ளி வாத்தியாராக இருந்தார், அப்புறம் சட்டம் படித்தார். 1764இல் அபிகெய்ல் ஸ்மித்தைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் காலத்துப் பெண்களுக்கு வழக்கமாகக் கிடைத்ததுபோல அபிகெய்லுக்கும் பள்ளிப் படிப்பு கிடையாது. ஆனால் ஆடம்ஸ் கடைசிவரை யோசனை கேட்ட முதல் ஆள் அவர்தான். இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களில் ஆயிரத்துக்கும் மேல் இன்றும் இருக்கின்றன.

ஆடம்ஸின் குணத்தைப் புரிந்துகொள்ள 1770ஆம் வருடத்து வழக்கு ஒன்று போதும். மார்ச் 5 இரவு பாஸ்டனில் கூட்டத்தை நோக்கி பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். ஊரே கொதித்தது. சிப்பாய்களுக்காக வாதாட வக்கீல் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. ஆடம்ஸ் ஒப்புக்கொண்டார். அவரே பிரிட்டிஷ் வரிகளை எதிர்த்து எழுதியவர். அவருக்குத் தூரத்துச் சகோதர முறையான சாமுவேல் ஆடம்ஸ் போராட்டக்காரர்களின் தலைவர்களில் ஒருவர். அப்படிப்பட்டவர் எதிர்த்தரப்புச் சிப்பாய்களுக்காக நீதிமன்றத்தில் நின்றார். அவருடன் சேர்ந்து வாதாடியவர் ஜோசையா குவின்சி; அரசுத் தரப்பில் வாதாடியவர் ஜோசையாவின் சொந்த அண்ணன் சாமுவேல் குவின்சி. சின்ன ஊர், எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள், அதற்குள் இப்படி ஒரு வழக்கு.

உண்மைகள் பிடிவாதமானவை, நம் விருப்பத்துக்கு ஏற்றபடி அவை வளையமாட்டா என்று அவர் ஜூரிகளிடம் சொன்னார். சுடச் சொன்னதாகக் குற்றம் சாட்டப்பட்ட கேப்டன் பிரெஸ்டன் விடுதலையானார். எட்டுச் சிப்பாய்களில் ஆறு பேர் விடுதலை. இரண்டு பேருக்குக் கொலை அல்லாத மரணக் குற்றம் மட்டும் உறுதியானது, கட்டைவிரலில் சூடு போட்டு அனுப்பினார்கள். வழக்கை எடுத்ததால் ஆடம்ஸ் ஏச்சு வாங்கினார். ஆனாலும் தன் நாட்டுக்குச் செய்த நல்ல காரியங்களில் இதை ஒன்றாகவே அவர் கடைசிவரை கருதினார். கூட்டம் ஒருபக்கம் போகும்போது இன்னொரு பக்கம் தனியாக நிற்பது அவருக்குப் புதிதில்லை என்பதற்காகத்தான் இதை இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

அதன்பிறகு அவர் செய்தவை ஏராளம். கொஞ்சம் வேகமாகக் கடந்துபோகிறேன். 1775இல் காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய கண்டப் பேராயத்தில் வாஷிங்டனைப் படைத்தலைவராக்க முன்னின்று பேசினார். சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர் ஜெஃபர்சன்; அவையில் அதற்காக வாதாடியவர் ஆடம்ஸ். 1779இல் மாசசூசெட்ஸ் மாநில அரசியலமைப்பை எழுதினார். 1780இல் நடைமுறைக்கு வந்த அது திருத்தங்களோடு இன்றும் நடப்பில் இருக்கிறது. இன்றுவரை புழக்கத்தில் உள்ள எழுதப்பட்ட அரசியலமைப்புகளில் மிகப் பழையது அதுதான். 1782இல் ஹாலந்தின் அங்கீகாரத்தையும், ஆம்ஸ்டர்டாம் வங்கியாளர்களிடம் 50 லட்சம் கில்டர் கடனையும் பெற்றார். கையில் காசில்லாத புதிய நாட்டுக்கு அந்தக் கடன் எவ்வளவு பெரிது என்று சொல்ல வேண்டியதில்லை. 1783இல் பிரிட்டனுடன் சமாதான ஒப்பந்தம் செய்த மூவரில் அவரும் ஒருவர், மற்ற இருவர் ஃபிராங்க்ளினும் ஜான் ஜேயும். 1785இல் லண்டனுக்குத் தூதராகப் போய், எந்த மன்னரை எதிர்த்துப் புரட்சி செய்தாரோ அதே மூன்றாம் ஜார்ஜின் முன் நின்று வணக்கம் சொன்னார்.

1789இல் துணை அதிபரானார். எட்டு வருடம் செனட்டுக்குத் தலைமை தாங்குவதைத் தவிர பெரிய வேலை இல்லை. மனிதன் கண்டுபிடித்த பதவிகளிலேயே இதைவிட அற்பமானது இல்லை என்று அபிகெய்லுக்கு எழுதினார். அதிபரை எந்த மரியாதைப் பட்டத்தால் அழைப்பது என்று செனட்டில் வாரக்கணக்கில் வாதாடி, மன்னராட்சி விரும்பி என்ற கெட்டபெயரையும் இந்தக் காலத்தில்தான் சம்பாதித்தார். அந்தப் பெயர் அவரை விட்டுக் கடைசிவரை போகவில்லை. ஊசிகுத்தல் போன்ற ஒரு சொல்லைக்கூட மறக்கமாட்டார். தன் பங்கை யாரும் மதிக்கவில்லை என்ற குறை மனதில் இருந்துகொண்டே இருக்கும். இதை அவரே தன் நாட்குறிப்பில் தற்பெருமை என்று பெயரிட்டு இளவயதிலிருந்தே தன்னைக் கண்டித்து எழுதியிருக்கிறார்.

இனி ஆட்சி. அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, மாநிலங்களின் தேர்வாளர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். 1796 தேர்தலில் ஆடம்ஸுக்கு 71 தேர்வாளர் வாக்கு, ஜெஃபர்சனுக்கு 68. அன்றைய விதிப்படி இரண்டாவது வந்தவர் துணை அதிபர். ஆக அதிபர் ஃபெடரலிஸ்ட் கட்சி, துணை அதிபர் அதை எதிர்க்கும் குடியரசுக் கட்சி. (இன்றைய குடியரசுக் கட்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) எதிர்க்கட்சித் தலைவரே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஆனால் உண்மையான தலைவலி சொந்தக் கட்சிக்குள் இருந்து வந்தது. வாஷிங்டனின் அமைச்சர்களை ஆடம்ஸ் அப்படியே வைத்துக்கொண்டார். வெளியுறவுக்கு திமோதி பிக்கரிங், நிதிக்கு ஆலிவர் வோல்காட், போர்த்துறைக்கு ஜேம்ஸ் மெக்ஹென்றி. அதிபர் மாறினால் அமைச்சர்களும் மாற வேண்டும் என்ற வழக்கமே அப்போது கிடையாது; நீக்கினால் வாஷிங்டனை அவமதித்ததாகும் என்ற பயமும் இருந்தது. இந்த மூவரும் முக்கியமான விஷயங்களில் நியூயார்க்கில் வக்கீல் தொழில் பார்த்துக்கொண்டிருந்த, கட்சியின் மூளையான அலெக்சாண்டர் ஹாமில்டனிடம் யோசனை கேட்டு, அதை அதிபரிடம் தங்கள் கருத்தாகச் சொன்னார்கள். ஆடம்ஸுக்கு இது முழுமையாகப் புரிய மூன்று வருடம் ஆனது. இதற்கு அவரும் ஒரு காரணம். தலைநகர் பிலடெல்ஃபியாவில் இருந்தது, அவரோ மாதக்கணக்கில் குவின்சியில் இருந்தார். 1799இல் மட்டும் மார்ச் முதல் அக்டோபர் வரை வீட்டிலிருந்தே கடிதம் மூலம் ஆட்சி நடத்தினார். அபிகெய்லின் உடல்நிலை ஒரு காரணம்தான், இருந்தாலும் அமைச்சர்களுக்கு இத்தனை இடம் கொடுத்தது தப்பு.

பிரான்ஸ் விவகாரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த நான்கு வருடத்தில் மற்ற எல்லாமே இதைச் சுற்றித்தான் நடந்தது. பிரிட்டனும் பிரான்சும் போரிட்டுக்கொண்டிருந்தன. அமெரிக்கா பிரிட்டனுடன் 1794இல் ஜே ஒப்பந்தம் செய்ததும் பிரான்சுக்குக் கோபம். அமெரிக்க வணிகக் கப்பல்களைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். ஒரே வருடத்தில் 300க்கும் மேல் பறிபோயின. அமெரிக்கத் தூதர் சார்லஸ் பிங்க்னியையும் ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பினார்கள். ஆடம்ஸ் உடனே சண்டைக்குப் போகாமல் பிங்க்னி, ஜான் மார்ஷல், எல்பிரிட்ஜ் ஜெர்ரி ஆகிய மூவரைப் பேச்சுவார்த்தைக்கு அனுப்பினார்.

பாரிஸில் வெளியுறவு அமைச்சர் டாலிராண்ட் இவர்களை முறையாகச் சந்திக்கவில்லை. இடைத்தரகர்கள் வந்தார்கள். பேச்சு தொடங்க வேண்டுமானால் டாலிராண்டுக்கு 50,000 பவுண்டு அளவில் கைக்கூலி, பிரான்சுக்குப் பெரிய கடன், அதோடு அதிபர் ஆடம்ஸ் காங்கிரஸில் பேசியதற்கு விளக்கம் என்று கேட்டார்கள். ஆறு பென்ஸ்கூடக் கிடையாது என்று பிங்க்னி சொல்லிவிட்டார். 1798 வசந்தத்தில் இந்தக் கடிதங்கள் வந்து சேர்ந்தன. ஆடம்ஸ் எதையோ மறைக்கிறார் என்று நினைத்த குடியரசுக் கட்சியினர் எல்லாவற்றையும் காட்டச் சொன்னார்கள். தரகர்களின் பெயருக்குப் பதிலாக எக்ஸ், ஒய், இசட் என்று எழுத்துகளைப் போட்டு அவர் கொடுத்துவிட்டார். நாடே பிரான்சுக்கு எதிராகப் பொங்கியது. எதிர்க்கட்சி வாயடைத்துப்போனது. ஆடம்ஸ் வாழ்க்கையில் முதல்முறையாக மக்கள் செல்வாக்கின் உச்சத்தில் இருந்தார். ஊர் ஊராகப் பாராட்டு மடல்கள் வந்தன, ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து ஆவேசமாகப் பதில் எழுதினார்.

இந்தக் காலத்தில் அவர் செய்த உருப்படியான காரியம் கடற்படை. 1798 ஏப்ரல் 30இல் கடற்படைத் துறை உருவானது. பெஞ்சமின் ஸ்டாடர்ட் முதல் செயலாளர், ஆடம்ஸுக்கு உண்மையாக உழைத்த சிலரில் ஒருவர். போர்ப் பிரகடனம் இல்லாமலே கடலில் சண்டை நடந்தது. 1799 பிப்ரவரியில் தாமஸ் டிரக்ஸ்டன் தலைமையில் கான்ஸ்டலேஷன் என்ற கப்பல், லான்சுர்ஜான்ட் என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலைப் பிடித்தது. மொத்தத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுக் கப்பல்கள் பிடிபட்டன. கரீபியன் கடலில் ஹெய்ட்டியின் துசென் லூவெர்ச்சரோடு வணிகத்தைத் திறந்ததும் இந்த ஆட்சிதான். அடிமைத்தளையிலிருந்து எழுந்த கறுப்பினத் தலைவர் ஒருவரோடு சமமாகப் பேசியது, அமெரிக்கக் கப்பல்கள் அவருடைய படைக்கு உதவியது இவற்றை ஆடம்ஸ் பற்றிய பேச்சில் பலரும் விட்டுவிடுகிறார்கள். அடுத்து வந்த ஜெஃபர்சன் இந்தக் கொள்கையைத் தலைகீழாக மாற்றினார்.

கடற்படையை விரும்பிய ஆடம்ஸ் தரைப்படையை விரும்பவில்லை. ஆனால் கட்சி பெரிய படை கேட்டது. வாஷிங்டனை மறுபடியும் தளபதியாக அழைத்தார்கள். அவர் ஹாமில்டனை அடுத்த இடத்தில் வைத்தால்தான் வருவேன் என்றார். வாஷிங்டனுக்கோ வயதாகிவிட்டது, களத்துக்கு வரப்போவதில்லை. ஆகவே படை நடைமுறையில் ஹாமில்டன் கையில். ஆடம்ஸ் மனமில்லாமல் சம்மதித்தார். இங்கே எந்தப் பிரெஞ்சுப் படையும் வந்து இறங்கப்போவதில்லை, சொர்க்கத்தில் வந்து இறங்கினால்தான் உண்டு என்கிற மாதிரி போர்ச் செயலாளருக்கு 1798 அக்டோபரில் எழுதினார். எதிரி வராத இடத்தில் இந்தப் படை யாருக்கு எதிராக என்ற கேள்வி அவரை அரித்தது.

இப்போது அந்த வருடத்து ஜூன், ஜூலை மாதங்கள். காங்கிரஸ் நான்கு சட்டங்கள் கொண்டுவந்தது. குடியுரிமை பெற 5 வருடம் குடியிருந்தால் போதும் என்றிருந்ததை 14 ஆக்கியது ஒன்று. ஆபத்தானவர் என்று அதிபர் கருதும் வெளிநாட்டவரை வெளியேற்ற அதிகாரம் தந்தது இன்னொன்று. போர்க்காலத்தில் எதிரி நாட்டவரைப் பிடித்துவைக்க அனுமதித்தது மூன்றாவது. இது இன்றுவரை அமெரிக்கச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. நான்காவது தேசத்துரோகச் சட்டம், ஜூலை 14 அன்று ஆடம்ஸ் கையெழுத்திட்டது. அரசையோ காங்கிரஸையோ அதிபரையோ இழிவுபடுத்தும் நோக்கில் பொய்யாக எழுதினால், பேசினால் 2,000 டாலர் வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை. துணை அதிபர் பெயர் பட்டியலில் இல்லை. அந்தப் பதவியில் இருந்தவர் ஜெஃபர்சன் அல்லவா! அவரை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். சட்டம் 1801 மார்ச் 3 வரைதான் செல்லும் என்று நாளும் குறித்திருந்தார்கள். ஆடம்ஸின் பதவிக்காலத்தின் கடைசி நாள் அது. சட்டம் யாருக்காக என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இந்தச் சட்டங்களை ஆடம்ஸ் கேட்கவில்லை, காங்கிரஸ்தான் கொண்டுவந்தது, போர்ப் பதற்றம் அப்படி என்று அவருக்காகப் பேசுபவர்கள் சொல்வார்கள். கேட்கவில்லை என்பது சரி. வெளிநாட்டவரை வெளியேற்றும் அதிகாரத்தை அவர் ஒருவர் மீதும் பயன்படுத்தவில்லை என்பதும் சரி. ஆனால் தேசத்துரோகச் சட்டத்தை அவர் தடுக்கவில்லை, திருப்பி அனுப்பவில்லை, வழக்குகள் வந்தபோது பத்திரிகையாளர்கள் மீது நடவடிக்கை எடுக்கவும் ஒப்புதல் தந்தார். பிலடெல்ஃபியாவின் அரோரா பத்திரிகை அவரைக் கிழவன், சிடுமூஞ்சி, சொட்டை, குருடன், பொக்கைவாய் என்று எழுதிக்கொண்டிருந்தது. அதைப் படித்துக் கொதித்த அபிகெய்ல் சட்டம் வரவேண்டும் என்று தன் கடிதங்களில் வலியுறுத்தினார். பாஸ்டனில் எதிரிக்கும் நியாயம் வேண்டும் என்று வாதாடிய வக்கீல், தன்னைப் பற்றிய ஏச்சு என்று வந்தபோது தடுமாறினார். எனக்கு ஆடம்ஸ் மீது பெரிய மதிப்பு உண்டு. அதனாலேயே இந்த இடத்தில் அவரை விட்டுக்கொடுத்துப் பேச மனம் வரவில்லை. இது அவருடைய ஆட்சியின் பெரிய குற்றம்.

சட்டம் யார்மீது பாய்ந்தது என்று பாருங்கள். நியூ ஜெர்சியில் நியூவார்க் ஊர். 1798 ஜூலை கடைசியில் அதிபரின் வண்டி அந்த வழியாகப் போகிறது, மரியாதைக்குப் பீரங்கி வெடிக்கிறார்கள். மதுக்கடையில் இருந்த ஒருவர், அதிபர் போகிறார் பார், பின்னாலேயே சுடுகிறார்கள் என்றார். அங்கே இருந்த லூதர் பால்ட்வின் என்ற குடிமகன், அவர் பிட்டத்திலேயே சுட்டாலும் எனக்குக் கவலையில்லை என்றார். போதையில் சொன்ன இந்தப் பேச்சுக்கு வழக்கு, அபராதம், கட்டும்வரை சிறை.

இன்னொருவர் மாத்யூ லயன், வெர்மான்ட் மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினர். ஆடம்ஸுக்கு அபத்தமான ஆடம்பரத்திலும் புகழ்ச்சியிலும் தீராத தாகம் என்று எழுதியதற்காக நான்கு மாதம் சிறை, 1,000 டாலர் அபராதம். அவர் வெர்ஜென்ஸ் ஊர்ச் சிறையில் இருந்தபடியே தேர்தலில் நின்று ஜெயித்தார். மொத்தம் சுமார் 25 பேர் பிடிபட்டார்கள், பத்துப் பேர் தண்டனை பெற்றார்கள். பெரும்பாலும் எதிர்க்கட்சிப் பத்திரிகைக்காரர்கள். பத்திரிகைகளை அடக்கவும் முடியவில்லை. சட்டத்துக்குப் பிறகு எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் கூடவே செய்தன.

கையெழுத்திட்ட ஜூலையிலிருந்து ஏழு மாதம் தள்ளி 1799 பிப்ரவரி 18. இடையில் ஆடம்ஸுக்குப் பல பக்கத்திலிருந்து செய்தி வந்துகொண்டிருந்தது. பாரிஸில் தங்கியிருந்த ஜெர்ரி திரும்பி வந்து, டாலிராண்ட் சமாதானம் விரும்புகிறார் என்றார். பெர்லினில் தூதராக இருந்த மகன் ஜான் குவின்சி அதையே எழுதினார். ஹேகில் இருந்த தூதர் வில்லியம் வான்ஸ் மர்ரியும் அதையே எழுதினார். 1798 ஆகஸ்டில் நைல் நதி முகத்துவாரத்தில் பிரெஞ்சுக் கடற்படையை நெல்சன் நொறுக்கியிருந்தார்; பிரான்ஸ் அட்லாண்டிக்கைத் தாண்டி வரும் நிலையில் இல்லை.

அன்று செனட்டில் தலைமை நாற்காலியில் இருந்த ஜெஃபர்சன், அதிபரின் குறிப்பைப் பிரித்து வாசித்தார். பிரான்சுக்கு மர்ரியைத் தூதராக நியமிக்கிறேன், ஒப்புதல் தாருங்கள் என்று இருந்தது. அமைச்சர்கள் யாரிடமும் சொல்லாமல் ஆடம்ஸ் எடுத்த முடிவு. ஃபெடரலிஸ்ட் உறுப்பினர்களுக்கு நம்பவே முடியவில்லை. படை திரட்டியாயிற்று, வரி போட்டாயிற்று, எல்லாமே பிரெஞ்சு அபாயத்தைச் சொல்லித்தான். அந்த அபாயமே இல்லையென்றால் கட்சிக்கு என்ன மிச்சம்? சொல்லியிருந்தால் தடுத்திருப்பார்கள், அதனால்தான் சொல்லவில்லை என்பது என் கருத்து. செனட்டர்கள் குழுவாக வந்து வாதாடினார்கள். மர்ரியோடு தலைமை நீதிபதி ஆலிவர் எல்ஸ்வொர்த், வட கரோலினாவின் வில்லியம் டேவி ஆகியோரையும் சேர்த்து மூவர் குழுவாக்க ஒப்புக்கொண்டார், முடிவிலிருந்து பின்வாங்கவில்லை.

அப்புறமும் பிக்கரிங் குழுவை அனுப்பாமல் இழுத்தடித்தார். பிலடெல்ஃபியாவில் மஞ்சள் காய்ச்சல் பரவியதால் 1799 இலையுதிர் காலத்தில் அரசு டிரென்டன் ஊரிலிருந்து இயங்கியது. ஸ்டாடர்ட் எச்சரித்துக் கடிதம் எழுத, அக்டோபரில் ஆடம்ஸ் நேரில் கிளம்பி வந்தார். ஹாமில்டனும் அங்கே வந்து, பிரான்சில் பழைய மன்னர் குடும்பம் சீக்கிரமே திரும்பிவிடும், இப்போது தூதுக்குழு வேண்டாம் என்று வெகுநேரம் வாதாடினார். பொறுமையாகக் கேட்டேன், ஆனால் ஒரு மனிதர் இத்தனை முட்டாள்தனமாகப் பேசி நான் கேட்டதே இல்லை என்று ஆடம்ஸ் பின்னாளில் எழுதினார். குழு நவம்பர் தொடக்கத்தில் கப்பலேறியது. அவர்கள் பேசத் தொடங்கியபோது பிரான்சில் ஆட்சிக்கு வந்திருந்தது மன்னர் குடும்பமில்லை, நெப்போலியன். 1800 செப்டம்பர் 30இல் உடன்பாடு கையெழுத்தானது. 1778இல் பிரான்சுடன் செய்த பழைய கூட்டணி முடிவுக்கு வந்தது. கடல் சண்டை நின்றது. மூன்று வருடம் கழித்து லூசியானா முழுவதையும் ஜெஃபர்சன் விலைக்கு வாங்க முடிந்ததற்கு இந்தச் சமாதானம் ஒரு முக்கியக் காரணம். போர் மூண்டிருந்தால் நெப்போலியன் அந்த நிலத்தை அமெரிக்காவுக்கு விற்றிருப்பாரா என்று யோசித்துப் பாருங்கள்.

1800ஆம் வருடம் மே மாதத்தில் ஆடம்ஸ் கடைசியில் துணிந்தார். மெக்ஹென்றியைக் கூப்பிட்டுக் கத்தித் தீர்த்ததில் அவர் விலகினார். பிக்கரிங் விலக மறுத்தார், நீக்கப்பட்டார். ஹாமில்டனின் படையைக் கலைக்க உத்தரவு போனது. அதே மாதம் ஜான் ஃப்ரைஸ் என்பவரின் தூக்குத் தண்டனையை ரத்து செய்தார். படைச் செலவுக்காக வீடு, நிலம், அடிமைகள் மீது போட்ட 20 லட்சம் டாலர் நேரடி வரியை எதிர்த்து கிழக்கு பென்சில்வேனியாவின் ஜெர்மன் விவசாயிகள் கிளர்ந்திருந்தார்கள். வீடு வீடாக ஜன்னலை எண்ண வந்த மதிப்பீட்டாளர்கள் மீது பெண்கள் கொதிநீரை ஊற்றினார்கள். ஃப்ரைஸ் ஆள் திரட்டிக்கொண்டு போய், வரியை எதிர்த்துக் கைதானவர்களை விடுவித்தார், உயிர்ச்சேதம் இல்லை. அரசுக்கு எதிராகப் போர் தொடுத்த தேசத்துரோகம் என்று தூக்குத் தண்டனை விதித்தார்கள். ஒருவரையாவது தூக்கிலிட வேண்டும் என்றார்கள் அமைச்சர்கள். இது கலகம்தான், தேசத்துரோகம் என்ற சொல்லுக்கு இதில் இடமில்லை என்று ஆடம்ஸ் தானே வழக்கை ஆராய்ந்து மன்னித்தார். பழைய பாஸ்டன் வக்கீலை இங்கே மறுபடி பார்க்கிறோம்.

கட்சி மன்னிக்கவில்லை. தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன் ஹாமில்டன் 54 பக்கத்தில் ஒரு சிறுநூல் எழுதி, ஆடம்ஸ் ஆளத் தகுதியில்லாத முன்கோபி என்றார். சொந்தக் கட்சியின் பெரிய மூளையே இப்படி எழுதினால் எதிர்க்கட்சிக்கு வேறென்ன வேண்டும்! ஆனாலும் முடிவு எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள்: ஜெஃபர்சனுக்கும் அவர் கட்சியின் ஆரன் பர்ருக்கும் தலா 73, ஆடம்ஸுக்கு 65. நியூயார்க்கின் 12 வாக்கு போனமுறை ஆடம்ஸுக்கு விழுந்தது. இந்தமுறை நியூயார்க் நகரத்தில் பர்ர் தெருத் தெருவாக வேலை செய்து, தேர்வாளர்களை நியமிக்கும் மாநிலச் சட்டமன்றத்தைப் பிடித்துவிட்டதால் 12ம் எதிர்ப்பக்கம் போயிற்று. அடிமைகளுக்கு வாக்கு கிடையாது, ஆனால் மக்கள்தொகைக் கணக்கில் ஐந்தில் மூன்று பங்காகச் சேர்த்து தென் மாநிலங்களுக்குக் கூடுதல் வாக்குகள் கொடுத்திருந்தார்கள். அது இல்லாவிட்டால் ஆடம்ஸ் ஜெயித்திருப்பார் என்று கணக்குப் போட்டுக் காட்டும் வரலாற்றாளர்கள் உண்டு. பிரான்சுடன் உடன்பாடு ஆன செய்தி வந்து சேர்ந்தபோதோ, முடிவை மாற்றும் காலம் கடந்துவிட்டது.

ஜெஃபர்சனும் பர்ரும் சமமாக இருந்ததால் பிரதிநிதிகள் சபை முடிவு செய்ய வேண்டியிருந்தது; அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு. 36ஆவது வாக்கெடுப்பில்தான் ஜெஃபர்சன் தேர்வானார். முடிச்சு அவிழ்ந்த மாநிலங்களில் வெர்மான்ட் ஒன்று. அதன் ஃபெடரலிஸ்ட் உறுப்பினர் விலகி நிற்க, மாநிலத்தின் வாக்கை ஜெஃபர்சனுக்குப் போட்டவர் சிறைக்குப் போய்வந்த அதே மாத்யூ லயன்.

இதற்கு நடுவில் 1800 நவம்பர் 1 அன்று, வேலை முடியாத வெள்ளை மாளிகைக்கு முதல் ஆளாக ஆடம்ஸ் குடிபோனார். மறுநாள் அபிகெய்லுக்கு எழுதிய கடிதத்தில், நேர்மையும் அறிவும் உள்ளவர்களே இந்தக் கூரையின் கீழ் ஆளட்டும் என்று வேண்டிக்கொண்டார். அபிகெய்ல் வந்ததும் துணி காயப்போட இடமில்லாமல் பெரிய கூடத்தில் கொடி கட்டினார். அந்த மாதக் கடைசியில் மகன் சார்லஸ் குடிப்பழக்கத்தால் நியூயார்க்கில் இறந்தார். தேர்தல் தோல்வியும் மகன் சாவும் ஒரே சமயம்.

போகும் முன் செய்தவற்றில் ஒன்று காலத்துக்கும் நின்றது. 1801 ஜனவரியில் ஜான் மார்ஷலைத் தலைமை நீதிபதியாக நியமித்தார். மார்ஷல் 34 வருடம் அந்தப் பதவியில் இருந்தார். சட்டம் அரசியலமைப்புக்கு முரணானால் செல்லாது என்று நீதிமன்றம் அறிவிக்கலாம் என்பதை 1803இல் நிலைநாட்டியவர் அவர். அந்த வழக்கே ஆடம்ஸ் கடைசி நேரத்தில் போட்ட ஒரு நியமன ஆணை உரியவரிடம் போய்ச் சேராததால் வந்ததுதான். பிப்ரவரியில் புதிதாக உருவாக்கிய 16 நீதிபதி இடங்களைத் தன் கட்சிக்காரர்களை வைத்து அவசர அவசரமாக நிரப்பியதை ஜெஃபர்சன் வெகுகாலம் மனதில் வைத்திருந்தார். அதில் நியாயமும் இருக்கிறது.

மார்ச் 4 விடியற்காலை நான்கு மணிக்கு, ஜெஃபர்சன் பதவியேற்பதற்குக் காத்திராமல், பயணிகள் வண்டியேறி ஊருக்குக் கிளம்பிவிட்டார். மரியாதைக் குறைவு என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று. அரசியலமைப்பு வந்தபிறகு ஓர் ஆளும் அதிபர் தேர்தலில் தோற்று, வெறுத்த எதிர்க்கட்சியிடம் அதிகாரம் போனது அதுவே முதல்முறை. முந்தைய வருடம்வரை ஒரு படையே இருந்தது. அவரே அதைக் கலைத்திருந்தார். துப்பாக்கிச் சத்தமில்லாமல் ஆட்சி கைமாறியது.

அப்புறம் 25 வருடம் குவின்சியில். பண்ணை, புத்தகங்கள், பழைய கணக்குகளைத் தீர்க்கும் கட்டுரைகள். நண்பர் பெஞ்சமின் ரஷ் முயற்சியால் 1812இல் ஜெஃபர்சனோடு கடிதம் மீண்டும் தொடங்கியது. 1815இல் ஜேம்ஸ் லாயிட் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் தன் கல்லறையில் ஒரே வரி போதும் என்றார்: 1800இல் பிரான்சுடன் சமாதானம் செய்யும் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்ட ஜான் ஆடம்ஸ் இங்கே உறங்குகிறார். அபிகெய்ல் 1818இல் இறந்தார். மகன் ஜான் குவின்சி 1825இல் அதிபரானதைப் பார்த்துவிட்டு, 1826 ஜூலை 4 அன்று 90 வயதில் ஆடம்ஸ் இறந்தார். ஜெஃபர்சன் இறந்ததும் அதே நாள்தான்.

அப்படியானால் ஏன் அதிகம் பேசப்படவில்லை என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில்: நடக்காத போருக்கு நினைவுச்சின்னம் எழுப்பும் பழக்கம் எந்த நாட்டிலும் இல்லை. வாஷிங்டன் நகரில் அவருக்கு நினைவகம் கட்ட காங்கிரஸ் 2001இல்தான் அனுமதியே கொடுத்தது. அவரை நெருங்கித் தெரிந்துகொள்ள விரும்பினால் வாழ்க்கை வரலாறுகளுக்கு முன்னால் அவரும் அபிகெய்லும் எழுதிக்கொண்ட கடிதங்களைப் படியுங்கள். மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கம் அவற்றை இணையத்தில் போட்டிருக்கிறது. 1798 ஏப்ரல், மே மாதங்களில் அபிகெய்ல் தன் அக்காவுக்கு எழுதியவற்றையும் தேடிப் பாருங்கள். தேசத்துரோகச் சட்டம் எந்த மனநிலையில் பிறந்தது என்பது அந்த வீட்டுக்குள்ளிருந்தே தெரியும்.